டைட்டன்ல மழை வரையுறது

சொந்தமா ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் கிராபிக் நாவல் பண்றோம்னு சொன்னா எல்லாரும் கதை என்ன, ஹீரோ யாருன்னுதான் கேக்குறாங்க. ஒரு பேனலுக்குள்ள, அதாவது ஒரு படக் கட்டத்துக்குள்ள, எவ்ளோ எழுத்து போகும்னு யாரும் கேக்குறதில்ல, ஆனா நான் படம் வரையுற எங்க டீம்ல நடக்குற பாதி சண்டை அதுக்குத்தான்.

கதை நடக்குறது டைட்டன்ல, சனியோட பெரிய நிலா. மீத்தேன் மழை, மீத்தேன் ஏரி, குளிர் மைனஸ் 179 டிகிரி, காத்தழுத்தம் பூமிய விட ஒன்றரை மடங்கு, ஈர்ப்பு ஏழுல ஒரு பங்கு. இது மொத்தத்தையும் எங்க ஸ்க்ரிப்ட் ரைட்டர் முதல் பக்கத்துலயே ஒரு கேரக்டர் வாயில திணிச்சு வச்சிருந்தாரு. அந்த சீன்ல பேசிக்கிற ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அங்கயே வேலை பாக்குறவங்க, இதுல ஒருத்தர் இன்னொருத்தருக்கு காத்தழுத்தம் பத்தி பாடம் எடுக்குறாரு! "தலைவரே, நீங்களும் நானும் டீக்கடைல நின்னு பூமியில ஆக்சிஜன் 21 சதவீதம்னு பேசிக்குவோமா"ன்னு கேட்டேன், கோச்சுக்கிட்டாரு.

நான் சொல்லி கேக்காதவரு, லெட்டரிங் பண்ற, அதாவது டயலாக்க படத்துல எழுதுற பொண்ணு சொன்னதும் கேட்டாரு. "சார், இவ்ளோ டயலாக் உள்ள போகாது, ஃபாண்ட் சின்னதாக்குனா படிக்க முடியாது, டயலாக் பலூன பெருசாக்குனா மூஞ்சி மறைஞ்சிடும்." உண்மைதான், தமிழ்ல வார்த்தை ஒட்டிக்கிட்டே நீளும், குறுகலான பலூன்ல நடுவுல ஒடிச்சா பாக்கவே நல்லாருக்காது, வரிய நெருக்கினா மேல் வரி சுழியும் கீழ் வரி புள்ளியும் முட்டிக்கும். அதனால விளக்கம் எல்லாம் படத்துக்குள்ள போகணும்னு முடிவாச்சு, அதாவது என் தலையில விழுந்துச்சு.

முதல்ல டிரெஸ். விண்வெளின்னாலே கை உப்பின சூட் வரைஞ்சு பழகிட்டோம், டைட்டன்ல அழுத்தம் போதுமான அளவு இருக்கறதால அது வேணாம், சூடேத்துற கனமான உடுப்பும் ஆக்சிஜன் மாஸ்க்கும் போதும். அத வரைஞ்சதுமே ஒரு பலூன் மிச்சம். தரைக்கு, 2005 ஜனவரி 14 அன்னைக்கு ஹைகன்ஸ் கலம் இறங்கி எடுத்த படத்த பக்கத்துலயே வச்சுக்கிட்டேன், கூழாங்கல்லு மாதிரி உருண்டு கெடக்குற பனிக்கட்டிங்க.

மழைதான் ரொம்ப நாள் இழுத்துச்சு. மழைன்னா கை தானா சாய்கோடு போடும், ஆனா கோடு போட்டாலே வேகம் வந்துரும். டைட்டன்ல துளி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் பெருசாகலாம், இறங்குறது நொடிக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம்தான், நம்ம ஊர் பெரிய துளி 9 மீட்டர் வாக்குல வந்து விழும். கோட்ட எல்லாம் அழிச்சுட்டு ஒரே துளிய மூணு பேனல்ல வரைஞ்சேன்: தலைக்கு மேல, கண்ணுக்கு நேரா, அப்புறம் கதையில வர்ற பொண்ணு நீட்டின கிளவுஸ்ல. துளி வந்து சேர்றதுக்குள்ள அவளுக்கு திரும்பி கைய நீட்ட நேரம் இருக்குல்ல, ஈர்ப்பு கம்மின்னு இதுக்கு மேல யாரு வாய திறந்து சொல்லணும்?

அட்டைப்படத்துக்கு இன்னொரு பஞ்சாயத்து. வானத்துல வளையத்தோட சனி வேணும்னு எல்லாரும் சொன்னாங்க, அந்த ஆரஞ்சு மூட்டத்துக்குள்ள நின்னு அண்ணாந்தா சனி கண்ணுக்கு தெரியாது. கடைசில மூட்டத்துக்கு மேல ஒரு கலம் ஏறி வர்ற மாதிரி வரைஞ்சு சனிய காட்டிட்டேன். கலர் பத்தி பேசவே வேணாம், எல்லா பக்கமும் ஆரஞ்சு, அதுக்கு நடுவுல ஸ்க்ரீன்ல ஜொலிச்ச நீல விளக்கு ப்ரூஃப்ல, அதாவது சாம்பிள் பிரிண்ட்ல, மங்கி சாம்பலா வந்துச்சு.

இப்ப ரைட்டரே மாறிட்டாரு, அடுத்த அத்தியாயம் முழுக்க ஒருத்தி கையில இறக்கை கட்டிக்கிட்டு பறக்குறா, ஒரு டயலாக் கூட இல்ல. காத்து அடர்த்தி, ஈர்ப்பு கம்மி, அங்க அது நிஜமாவே முடியும். இறக்கை எவ்ளோ நீளம் வேணும்னுதான் இப்போதைய சண்டை, நான் வரைஞ்சது சின்னதா இருக்குன்னு கால்குலேட்டரோட வந்து நிக்கிறாரு.