கண்ணுக்குத் தெரியாத தூசி

டீசல் வண்டிக்கு ஃப்யூயல் ஃபில்டர் மாற்றுவதைத் தள்ளிப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசலை வாங்கி எஞ்சினுக்குள் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான், பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடுக்கில் மண் துகள் புகுந்தால் உலோகத்தைக் கீறிவிடும். கீறலில் பெயர்ந்த இரும்புத்தூள் அடுத்த கீறலைப் போடும். டீசல் 2,000 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 2,000 மடங்கு) அழுத்தத்தில் பாயும்போது அதே துகள்கள் வால்வு உட்காரும் இடத்தை அரித்துவிடும். அப்புறம் வால்வு சரியாக மூடாது. கசிவு, புகை, ஸ்டார்ட் ஆவதில் தகராறு.

தண்ணீர் இதைவிட மோசம் என்பேன். இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பல ஹை பிரஷர் பம்புகளுக்குத் தனியாக ஆயில் கிடையாது, ஓடுகிற டீசல்தான் வழுக்கல் தருகிறது. நடுவில் தண்ணீர் வந்தால் அந்தப் படலம் அறுந்து இரும்பும் இரும்பும் நேராக உரசும். துருவும் பிடிக்கும். டேங்க் அடியில் தேங்கினால் அங்கே பாக்டீரியா, பூஞ்சைகூட வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

இன்னொன்று. புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை நேராக ஊற்றி நிரப்பாதீர்கள். வடிகட்டாத அந்த டீசல் ஃபில்டரின் சுத்தமான பக்கம் (வடிகட்டிய டீசல் வெளியேறும் பக்கம்) வழியாக இன்ஜெக்டருக்கே போய்விடலாம். பிரைமிங் பம்ப் (ஃபில்டருக்குள் டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்) இருந்தால் அதை அழுத்தியே நிரப்புங்கள்.