என்.எம்.எம்.எஸ்.: பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் பாதி வேலை

எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பெயர் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுப் பட்டியலில் வந்ததும் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு பணம் ஏறியதா என்று கேட்டால் சில வீடுகளில் உதட்டைப் பிதுக்குவார்கள். படிக்கத் தெரியாமல் தோற்ற பிள்ளைகளைவிட, தேறிய பிறகு காகிதத்தில் தோற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுதான் வயிற்றெரிச்சல். அதனால் தேர்வுக்குப் பிந்திய வேலைகளை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

இதன் முழுப்பெயர் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம். மத்திய அரசு 2008-ல் தொடங்கியது. நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர்; அதில் தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். தேர்வானவருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக 48,000. 2017 ஏப்ரலுக்கு முன்பு இதில் பாதிதான் கொடுத்தார்கள். மாதம் ஆயிரம் என்று பேச்சில் சொன்னாலும் மாதாமாதம் வராது. ஆண்டுத் தொகை மொத்தமாகக் கணக்கில் விழும்.

அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50 போதும். தனியார் பள்ளி, கேந்திரிய வித்யாலயா, நவோதயா, சைனிக் பள்ளிப் பிள்ளைகளுக்கும், உணவும் தங்குமிடமும் கொடுத்து அரசே நடத்தும் உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது கிடையாது. தேர்வான பிறகு ஒன்பதாம் வகுப்புக்கு இந்தப் பள்ளிகளில் ஒன்றுக்கு மாறினாலும் உதவித்தொகை போய்விடும். எட்டோடு முடிகிற நடுநிலைப் பள்ளியிலிருந்து வெளியேறும்போது பெற்றோர் இதைத்தான் மறக்கிறார்கள். பட்டியலில் பெயர் வந்த சந்தோஷத்தில் ‘இனி நல்ல பள்ளி’ என்று தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்டு, அதன்பிறகு எங்களிடம் விசாரிக்க வருகிறார்கள்.

விண்ணப்பம் எளிது. அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளத்திலிருந்து படிவத்தை இறக்கி, நிரப்பி, 50 ரூபாயோடு தலைமை ஆசிரியரிடம் கொடுத்தால் அவர் இணையத்தில் ஏற்றிவிடுவார். அந்த நேரத்தில் பிள்ளையின் ஆதார் அட்டையையும் எமிஸ் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் விவரத் தளம்) பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள். இன்ஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, ஆங்கிலத்தில் கவிதாவுக்கு ‘எச்’ உண்டா இல்லையா, பிறந்த தேதி ஒன்றுதானா? பட்டியலில் ஏறுவது பள்ளிப் பதிவில் உள்ள பெயர். உதவித்தொகைத் தளம் எடுத்துக்கொள்வது ஆதாரில் உள்ள பெயர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஓராண்டு கழித்து அலைய வேண்டிவரும். திருத்துவதாக இருந்தால் எட்டாம் வகுப்பிலேயே திருத்துங்கள். அப்போதுதான் அவகாசம் இருக்கும்.

தேர்வு இரண்டு தாள்கள், ஒரே நாள். மனத்திறன் தாளில் 90 கேள்விகள், 90 நிமிடம். படிப்பறிவுத் தாளிலும் அதே கணக்கு. அதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. ஏழாம் வகுப்புப் பாடம் முழுவதும், எட்டில் அரையாண்டு வரையிலும் படித்துவைக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை, ஆகவே ஒரு கேள்வியைக்கூட விடையில்லாமல் விடக்கூடாது. தகுதி பெற 180-க்கு 72, எஸ்.சி., எஸ்.டி. என்றால் 58. இது வாசல்படி மட்டும்தான். இடஒதுக்கீட்டு வரிசையில் இடம்பிடிக்க அதைவிட நிறையவே தேவைப்படும்.

படிப்பறிவுத் தாளை வகுப்புப் பாடமே ஓரளவு தாங்கிவிடும். மனத்திறன் அப்படியில்லை. வகுப்பறையில் யாரும் சொல்லித்தராத பாடம் அது, பழகினால் வேகமாக ஏறுகிற பாடமும் அதுதான். முதலில் ஆங்கில எழுத்துகளின் வரிசை எண் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். ஈ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25 என்ற ஐந்து கம்பங்களை நட்டுவிட்டால் மற்றதை முன்பின் எண்ணிக்கொள்ளலாம். எதிரெழுத்து என்றால் இரண்டின் எண்களும் சேர்ந்து 27 வரும்: சி 3, அதற்கு எதிர் 24, அதாவது எக்ஸ். குறியீட்டுக் கேள்விகள் பலவும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். நாட்காட்டிக் கணக்கில் அதே தேதியின் கிழமை சாதாரண ஆண்டுக்கு ஒரு நாள், லீப் ஆண்டுக்கு இரண்டு நாள் நகரும் என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். உறவுமுறைக் கேள்விகளில் மனக்கணக்கு போடவிடாதீர்கள். ஆணுக்குக் கூட்டல் குறி, பெண்ணுக்குக் கழித்தல் குறி போட்டுச் சின்னதாக மரம் வரையச் சொல்லுங்கள். கண்ணாடிப் பிம்பத்தில் இடவலம் மாறும், நீர்ப் பிம்பத்தில் மேல்கீழ் மாறும். தெரிந்த பிள்ளைகூட அவசரத்தில் இதைக் குழப்பிக்கொள்ளும்.

நேரம் கேள்விக்கு ஒரு நிமிடம்தான். பல பிள்ளைகள் சிக்குவது எண் தொடரில். பத்தாவது கேள்வியில் நாலு நிமிடம் உட்கார்ந்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் இருக்கும் எளிய உருவக் கேள்விகளைத் தொடாமலே எழுந்து வருவார்கள். இன்னொரு பெரிய இழப்பு ஓ.எம்.ஆர். தாளில், அதாவது வட்டங்களைக் கறுப்பாக்கும் விடைத்தாளில். 34-ஐத் தாண்டிவிட்டு 35-க்கான விடையை 34-க்கான வட்டத்தில் கறுப்பாக்கினால், பின்னால் வருவதெல்லாம் ஒரு படி சரிந்துவிடும். எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வட்டமிடும் பழக்கம் வரவேண்டும். மாதிரித் தேர்வுகளை வெறும் வினாத்தாளில் டிக் அடிக்கச் சொல்லி நடத்துவதில் பயன் குறைவு, ஓ.எம்.ஆர். தாளை நகலெடுத்துக் கொடுத்து நடத்துங்கள்.

இனி உண்மையான தலைவலி. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் தேசிய உதவித்தொகைத் தளத்தில், அதாவது என்.எஸ்.பி.யில், புதிய விண்ணப்பம் போட வேண்டும். தேர்வில் தேறினால் பணம் தானாக வரும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. வராது. ஒன்பதில் போடாமல் விட்டதைப் பத்தில் போடவும் முடியாது.

முதல் படி ஓ.டி.ஆர்., ஒருமுறைப் பதிவு. ஆதாரை வைத்து 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். படிப்பு முடியும்வரை அதே எண்தான். முகச் சரிபார்ப்புக்கு ஆண்ட்ராய்டு போனில் ஆதார் ஃபேஸ் ஆர்.டி., என்.எஸ்.பி. ஓ.டி.ஆர். என்ற இரண்டு செயலிகள் வேண்டும். முகம் பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் வெளிச்சத்தையும் கேமராவையும் குறைசொல்வதற்கு முன் ஆதார்ப் படத்தைப் பாருங்கள். ஐந்து வயதில் எடுத்த படமாக இருந்தால் பதினான்கு வயது முகத்தோடு எப்படிப் பொருந்தும்? ஆதார் மையத்துக்குப் போய்ப் புதுப்பிப்பதுதான் வழி. கைபேசி எண் வீட்டில் நிலையாக இருக்கிற எண்ணாக இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்க்காரர் தன் எண்ணைப் போட்டுக்கொடுத்தால், அடுத்த ஆண்டு ஓ.டி.பி.க்காக அவரைத் தேடி அலைய வேண்டும்.

விண்ணப்பத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இப்போது படிக்கும் பள்ளியின் யூடைஸ் எண்ணை, அதாவது பள்ளிக்கு அரசு தந்த அடையாள எண்ணைப் போடுங்கள். 33-ல் தொடங்கும் 11 இலக்கம் அது. எட்டாம் வகுப்பு படித்த பழைய பள்ளியின் எண்ணைப் போட்டால் விண்ணப்பம் அங்கே போய்க் கிடக்கும். வருமானச் சான்றிதழ் இ-சேவை மையம் வழியாக வாங்குவதற்கு நாளாகும் என்பதால், தளம் திறக்கும் முன்பே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

நிரப்பி முடித்தவர்களில் சிலர் இறுதிச் சமர்ப்பிப்பை அழுத்துவதில்லை. அது வரைவாகவே கிடந்து காலாவதியாகும். சமர்ப்பித்த பிறகு பள்ளி அளவில் ஒரு சரிபார்ப்பு, மாவட்ட அளவில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி. பள்ளியில் ‘குறையுள்ளது’ என்று திருப்பினால் திருத்தி மறுபடி அனுப்பலாம். ‘நிராகரிப்பு’ என்றால் கதை முடிந்தது. திருப்பி அனுப்பியதை யாரும் வீட்டு வாசலில் வந்து சொல்லமாட்டார்கள். வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து பணம் கிளம்பிய பிறகும் வங்கியில் திரும்பிப் போவதுண்டு. பணம் போவது விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு என்று நினைக்கிறோம். ஆதார் வழிப் பணம், பிள்ளையின் ஆதார் எந்தக் கணக்கோடு என்.பி.சி.ஐ.யில் (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். கணக்குத் தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்ததை இந்த இணைப்பாக எண்ணிக்கொள்ளக்கூடாது. அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் தரவேண்டும். சிறார் கணக்கில் அம்மாவின் ஆதாரை இணைத்துவிட்டு, பிள்ளையுடையதை விட்டுவிடுவதும் நடக்கிறது. வேறொரு உதவிக்காக இன்னொரு வங்கியில் கணக்குத் தொடங்கினால் இணைப்பு அங்கே தாவிவிடும், கடைசியாக இணைத்ததுதான் செல்லும். ஆதார் தளத்தில் ‘வங்கி இணைப்பு நிலை’ என்ற இடத்தில் ஓ.டி.பி. போட்டால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். இரண்டு ஆண்டு வரவுசெலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும் என்பதால், ஐம்பதோ நூறோ போட்டு எடுத்துக்கொண்டிருங்கள்.

அடுத்த மூன்று ஆண்டும் புதுப்பித்தல் விண்ணப்பம். ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் மட்டும் 60 சதவீதம், அதாவது 500-க்கு 300, எஸ்.சி., எஸ்.டி.க்கு 275. பதினொன்றில் பள்ளி மாறினால் யூடைஸ் எண்ணும் மாறும். அந்தப் புதிய பள்ளியின் சரிபார்ப்பு ஆசிரியருக்கு இப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாமல் இருக்கலாம். சேர்க்கை அன்றே தேர்வுப் பட்டியலின் நகலையும் ஓ.டி.ஆர். எண்ணையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.