நியூ ஜெர்சியிலிருந்து கலிபோர்னியா: சாமான் ஏற்றும் முன் முட்டை தேடிய அனுபவம்

அக்டோபரில் நியூ ஜெர்சி வீட்டைக் காலி செய்துவிட்டு கலிபோர்னியா வந்தோம். சாமான்களை லாரியில் கொண்டுபோகும் மூவர்ஸுக்கு முன்பணம் கட்டியதுமே ஒரு பூச்சி செக்லிஸ்ட் அனுப்பினார்கள். வெளியே கிடக்கும் சாமான்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் அவற்றை ஏற்ற மாட்டார்களாம்.

எல்லாம் ஸ்பாஞ்சி மாத் என்ற அந்துப்பூச்சியால். 1860-களின் கடைசியில் மாசசூசெட்ஸில் ஒருவர் வளர்க்கக் கொண்டுவந்து, தப்பிப் பரவியது. இப்போது நியூ ஜெர்சி முழுக்கவே குவாரன்டைன் பகுதி, அதாவது பூச்சி வெளியே போகாமல் கட்டுப்படுத்தும் பகுதி. அமெரிக்க வேளாண் துறையின் அந்தப் பட்டியலை நாமே நிரப்பலாம், லைசென்ஸ் உள்ள ஆளையும் கூப்பிடலாம். ஆளுக்குக் கொடுக்கும் காசு எதற்கு என்று நாங்களே இறங்கினோம்.

பூச்சி கண்ணில் பட்டுவிடும், முட்டைதான் ஏமாற்றும். ஸ்பாஞ்சி மாத் முட்டைத் திட்டு வெளிர் பழுப்பில், ரோமம் படர்ந்து இருக்கும். ஒரே திட்டில் 500-க்கு மேல் முட்டைகள் இருக்கலாம். ஊஞ்சல் இருக்கையைக் கவிழ்த்தால் போல்ட் ஓரத்தில் ஒன்று. அந்த ரோமம் பட்டால் அரிக்கும், கையுறை போட்டுக்கொண்டுதான் சுரண்ட வேண்டும். பழைய கிரெடிட் கார்டால் வழித்துச் சோப்புத் தண்ணீரில் தள்ளினேன்.

பார்பிக்யூ அடுப்பின் காலில் இருந்தது வேறு: சாம்பல் நிறத்தில், காய்ந்த சேறு அப்பியதுபோல. ஸ்பாட்டட் லான்டர்ன்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் முட்டை! அமெரிக்காவில் அது 2014-ல் பென்சில்வேனியாவில் முதலில் தென்பட்டது, திராட்சைக் கொடிக்கு எமன். மூவர்ஸ் தாள் இதைப் பற்றியதில்லை, அதற்காக விட்டுவிட முடியுமா? ஹேண்ட் சானிடைசர் ஊற்றிய ஜிப் பைக்குள் சுரண்டிப் போட்டு மூடினேன்.

அக்டோபர் லான்டர்ன்ஃப்ளை இன்னும் முட்டையிடும் காலம். அதனால் பார்த்து முடித்த சாமானைத் திரும்ப முற்றத்தில் விடக் கூடாது, நேரே கராஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். முந்தின வாரமே பார்த்துக் கையெழுத்துப் போடுவதெல்லாம் சும்மா கணக்குக்குத்தான். காரில் சக்கர வளைவுகள், பம்பரின் அடிப்பக்கம், கூரைக் கம்பிகள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தோம். வைப்பருக்குக் கீழே உயிரோடு ஒரு லான்டர்ன்ஃப்ளை உட்கார்ந்திருந்தது. செருப்பாலேயே ஒரு போடு.

கறிவேப்பிலைச் செடியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டோம். எலுமிச்சை வகைகளைத் தாக்கும் சைலிட் பூச்சி அதிலும் தங்கும். கலிபோர்னியா இதில் படு கறார்.

ஐ-80 நெடுஞ்சாலையில் கலிபோர்னியாவுக்குள் நுழையும் இடத்தில் ட்ரக்கி சோதனைச் சாவடி. 2024-ல் நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவின் சொனோமாவுக்குப் போன உலோகச் சிற்பத்தில் லான்டர்ன்ஃப்ளை முட்டைகளைப் பிடித்தது இங்கேதான். பழம், செடி ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். கிளம்பும்போது சக்கரத்தில் வைத்தது போக மிச்சமிருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்து நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டார். மாவடு பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.