முளைத்த புல் ஏன் நிலைக்கவில்லை?

காங்கேயம் பக்கத்தில் உள்ள எங்கள் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் காட்டில், புல் சொட்டையாகிப் போன ஓர் ஓரத்தில், கடந்த ஆண்டு புரட்டாசிக் கடைசியில் கொழுக்கட்டைப் புல் விதைத்தேன். புதிதாக உருவிய விதை சில மாதங்கள் உறங்கும் என்பதால் முந்தைய ஆண்டு விதையையே எடுத்தேன். சுணையோடு கூடிய அது பஞ்சைப் போலப் பறந்துவிடும் என்பதால் ஈர மணலோடு பிசறித் தூவி, மேலாக முள்ளிழுத்து மூடினேன். நல்ல உழவு மழை ஒன்று பெய்து, ஒரு வாரத்தில் செம்மண் மேல் பச்சை தெரிந்தது. அதன்பின் மூன்று வாரங்கள் மழையில்லை. முளைத்ததில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது.

ஒரு சாண் தோண்டினால் அடியில் ஈரம் இருந்ததுதான் என்னைக் குழப்பியது. “மேலீரம் காஞ்சா புல்லு நிக்காது சாமி” என்றார் என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி. வாடிய கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்து நீரில் அலசியபோது அவர் சொன்னது கண்ணுக்கே தெரிந்தது. விதையிலிருந்து நூல் போன்ற ஒரே வேர் கீழே இறங்கியிருந்தது. விதைக்கும் தூருக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் தண்டு. மண்ணின் மேற்பரப்பை ஒட்டிய தூரடியில் இரண்டு முனைகள் கடுகளவுகூட வளராமல் நுனி கருகி நின்றிருந்தன.

அந்த முனைகள்தான் வேர்களாகியிருக்க வேண்டியவை. முதல் வேர் மிக மெல்லியது என்பதால், அடியில் ஈரம் இருந்தாலும், இலைகள் பெருகி வெயிலில் இழக்கும் நீரை அதனால் ஈடுகட்ட முடியாது. அந்தப் பாரத்தைத் தாங்கும் தூர்வேர்களோ மேல்மண்ணில் பிறப்பவை, அங்கே தொடர்ந்து சில நாட்களாவது ஈரம் நின்றால்தான் அவை நீண்டு அடி ஈரத்தைப் பிடிக்கும். முதல் மழை முளைக்க வைக்கிறது, இரண்டாவது மழைதான் வேரூன்ற வைக்கிறது. நீர் தேங்கினாலும் கேடுதான்: வேருக்குக் காற்றில்லாமல் கன்று மஞ்சளாகிறது, பின்பு காயும்போது செம்மண் பொருக்குக் கட்டுகிறது.

ஆகவே இந்த ஆண்டு ஐப்பசியில் மழை பிடித்த பிறகே விதைத்து, வெள்வேல் சருகை மண் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்பினேன். வெயில் அடித்த நாட்களில் சருகை விலக்கி விரலால் கீறிப் பார்த்தால் மண் குளிர்ந்தே இருந்தது. இருபத்தைந்தாம் நாள் பெயர்த்த கன்றில் நான்கு தூர்வேர்கள், வெள்ளையாக, மண் துகள்களை இறுகப் பற்றியபடி இருந்தன. மாடுகளை இன்னும் அந்த ஓரத்தில் விடவில்லை.