1969 ஃபியட் 1100: விளம்பரத்தில் பார்த்ததும் அடியில் படுத்துப் பார்த்ததும்

இணையத்தில் விற்பனைக்கு வந்த 1969 ஃபியட் 1100 டிலைட் ஒன்றைக் கொஞ்ச நாளாகத் துரத்திக்கொண்டிருக்கிறேன். வண்டி பெங்களூரு ஜெயநகரில் நிற்கிறது. எம்.ஒய். என்று தொடங்கும் பழைய மைசூர் மாநில நம்பர். ‘118என்இ இன்ஜின், ஃப்ளோர் கியர், முன்னால் டிஸ்க் பிரேக், ஆல்டர்னேட்டர். விண்டேஜ் பதிவும் வாங்கிக்கொள்ளலாம்’ என்பது விளம்பரம். 118என்இ என்பது பின்னாளில் வந்த பிரீமியர் கார், அதன் இன்ஜினைத்தான் இதில் ஏற்றியிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரி நடக்காது. 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டுதான். ஆனால் இன்ஜினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எனக்கு இதில் வருத்தமில்லை. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. எனக்கோ ஓட்டுவதற்குத்தான் வண்டி வேண்டும்.

மாற்றங்களை வைத்து நான் வண்டியைத் தள்ளுவதில்லை. போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்கு வருமா, தகட்டை வெட்டிவிட்டார்களா என்பதைத்தான் பார்ப்பேன். இந்த ஃபியட்டுக்குத் தனி சேஸ் கிடையாது, பாடியேதான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. அதனால் அடிப்பக்கப் படம் கேட்டேன். பாலிஷ் போட்ட பானட் இன்னொரு கோணத்தில் வந்தது.

சரி என்று சிவாஜிநகர் மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். இன்ஜினில் அவருக்குக் குறை தெரியவில்லை. பழையது 1089 சிசி. இது நிஸான் வடிவமைப்பில் வந்த 1171 சிசி. குளிர்ந்த நிலையிலேயே சட்டென்று பிடித்தது, புகை இல்லை. டைனமோவை எடுத்து ஆல்டர்னேட்டர் போட்டது நல்ல வேலை, இரவில் ஹெட்லைட் மங்காது.

கியரில்தான் கதை மாறியது. ஒரிஜினலில் கியர் ஸ்டீயரிங்கை ஒட்டி இருக்கும். அதைத் தரைக்குக் கொண்டுவர நடு டனலை, அதாவது தரையின் நடுவில் நீளமாக ஓடும் மேட்டை வெட்டி, மேலே தகடு வைத்து, அங்கங்கே மட்டும் வெல்டு தொட்டிருக்கிறார்கள். அதன் மேல் கருப்பு அண்டர்கோட்டிங் தாராளம். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தால் டனலில் ஒட்டுகிறது, டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே ஒட்டவில்லை. அங்கே தகடு இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய பட்டிதான். ஓட்டிப் பார்த்தபோது அறுபதைத் தாண்டியதும் தரை அதிர்ந்தது. கியர்பாக்ஸ் மாறியபோது, அதிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டியிருக்க வேண்டும், பேலன்ஸ் பார்க்கவில்லை என்பது பாயின் கணிப்பு. கியர்பாக்ஸே மாறிவிட்டதால் ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரையும் இனி நம்ப வேண்டியதில்லை.

பிரேக்கைப் பார்க்க முன்பக்கத்தை ஜாக் வைத்துத் தூக்கினோம். “தம்பி, பெடலை நல்லா மிதிச்சு விடு” என்று சொல்லிவிட்டுப் பாய் சக்கரத்தைச் சுற்றினார். இறுகிப் பிடித்திருந்தது, மெல்லத்தான் விட்டது. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழைய டிரம் பிரேக்குக்கானது. டிரம்முக்கு லைனில் கொஞ்சம் அழுத்தம் தங்க வேண்டும் என்று அதில் ஒரு வால்வு இருக்கும். டிஸ்க்கில் அதே அழுத்தம் தங்கினால் பேட் உரசிக்கொண்டே இருக்கும். வெயிலில் ஹெப்பால் மேம்பாலத்து நெரிசலில் நின்றால் ஆயில் கொதித்துப் பெடல் பஞ்சாகிவிடும். டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரை ஜே.சி. ரோட்டில் தேடிப் போட்டுவிடலாம், பெரிய செலவில்லை. ஆனால் ‘டிஸ்க் பிரேக்’ என்று விளம்பரத்தில் போடும் அளவுக்கு அந்த வேலை முடியவில்லை.

ஆர்.சி.யில் இன்னும் பழைய இன்ஜின் நம்பர்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் பதிய வேண்டும். பதியாமல் வாங்கினால் விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியது நான்தான்.

ஓனரிடம், இன்ஜின் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றித் தந்தால் பேசலாம், டனலையும் பட்டி போட்ட இடத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும் என்றேன். அப்புறம், பழைய இன்ஜினும் கியர்பாக்ஸும் கூடவே கிடைக்குமா என்று கேட்டேன். “அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சு சார்” என்றார். நான் மனதில் வைத்திருந்த விலை அங்கேயே இன்னும் கொஞ்சம் இறங்கியது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.