பாதுகாப்பு மானியத்தில் குடியேற்ற நிபந்தனை: வழக்கு எதில் முடிகிறது?

குடியேற்ற அமலாக்கத்துக்கு ஒத்துழைக்க மறுக்கும் 'அடைக்கல நகரங்களுக்கான' மத்திய அரசின் மானியத்தை டிரம்ப் நிர்வாகம் நிறுத்தப் பார்க்கிறது என்று செய்தி வந்தால், குடியேற்ற விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்றே பேச்சு போகிறது. அமெரிக்க நீதிமன்றங்களில் அந்தக் கேள்விக்கு அதிகம் வேலை இல்லை. இந்தப் பணத்தை எந்தக் கணக்கில் பிரிக்கச் சொல்லி அமெரிக்க காங்கிரஸ் சட்டம் எழுதியது, அந்தக் கணக்கில் குடியேற்றத்துக்கு இடம் உண்டா என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் முடிகின்றன.

அடைக்கலம் என்ற சொல்லே குழப்புகிறது. நடைமுறையில் அது ஒரு படிவத்தைச் சுற்றிய தகராறு. குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸ், கவுன்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) சிறைக்கு ஐ-247ஏ படிவம் அனுப்பும்: 'இந்த ஆளை விடுவிக்கும் நேரம் வந்த பிறகும் 48 மணி நேரம் வரை பிடித்து வையுங்கள்.' இது வேண்டுகோள்தான். கூடவே வரும் வாரன்ட்டில் கையெழுத்திடுபவர் குடியேற்ற அதிகாரி. நீதிபதியின் கையெழுத்து இருக்காது. இப்படி ஒருவரைப் பிடித்து வைத்ததற்காக, நியாயமற்ற கைதைத் தடுக்கும் அரசமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறியதாக ஒரேகனின் கிளாக்கமஸ் கவுன்ட்டி மீது 2014-ல் தீர்ப்பு வந்தது. நஷ்ட ஈடு கட்டப்போவது கவுன்ட்டி என்று தெரிந்ததும் பல ஊர்கள் படிவத்தை ஏற்பதை நிறுத்திவிட்டன.

மத்திய அரசு இதை உத்தரவாகப் போட முடியாது. மாநில அதிகாரிகளை மத்திய வேலைக்கு இழுக்கக் கூடாது என்று 1997-ல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிச்சமிருக்கும் பிடி பணம். அதற்கும் வரம்பு உண்டு: 1987-ன் சவுத் டகோட்டா வழக்குப்படி நிபந்தனை தெளிவாக இருக்க வேண்டும், பணத்தின் நோக்கத்தோடு தொடர்பு வேண்டும், கழுத்தைப் பிடிப்பதாக இருக்கக் கூடாது. இதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி உண்டு, பலர் கவனிக்காதது: நிபந்தனை போடும் அதிகாரத்தை அந்தத் துறைக்குச் சட்டம் கொடுத்திருக்கிறதா?

டிரம்பின் முதல் ஆட்சியில் பர்ன் ஜேஏஜி என்ற காவல்துறை மானியத்தில் குடியேற்ற நிபந்தனை போட்டபோது இந்தக் கேள்வி வழக்கானது. அந்த மானியம் சூத்திரப்படி, மக்கள்தொகையையும் வன்குற்ற எண்ணிக்கையையும் வைத்துப் பிரிக்கப்படுவது. சிகாகோவும் பிலடெல்பியாவும் மேல்முறையீட்டில் வென்றன. நியூயார்க் 2020-ல் தோற்றது. 2021-ல் உச்ச நீதிமன்ற மனுக்கள் கைவிடப்பட்டதால் இறுதி முடிவு வரவேயில்லை. போட்டி முறையில் தரும் காவல்துறை மானியத்திலோ, குடியேற்ற ஒத்துழைப்புக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம் என்று லாஸ் ஏஞ்சலஸ் வழக்கில் 2019-ல் தீர்ப்பானது. சூத்திர மானியமா, போட்டி மானியமா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

2025-ல் சண்டை உள்நாட்டுப் பாதுகாப்பு மானியங்களுக்கு வந்தது. குடியேற்ற அமலாக்கத்துக்கு ஒத்துழைப்பதாக உறுதி தந்தால்தான் பேரிடர், பாதுகாப்பு நிதி என்ற நிபந்தனையை, ரோட் ஐலண்டில் நீதிபதி வில்லியம் ஸ்மித் செப்டம்பர் 24 அன்று செல்லாது என்றார். அதன் பிறகு வந்த மானியக் கடிதங்களைப் படித்தால் கோபம்தான் வருகிறது: நிபந்தனை இப்போது பொருந்தாது, தீர்ப்புக்குத் தடை வந்தால் பொருந்தும் என்று அதே வாசகத்தை மறுபடி நுழைத்திருந்தார்கள். மாநிலங்களை மிரட்டிப் பணியவைக்கும் முயற்சி இது என்று ஸ்மித் அக்டோபரில் கண்டித்தார்.

தீர்ப்பு வந்து மூன்றே நாளில் இரண்டாவது வழி. நிபந்தனை எதுவும் எழுதாமல், பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா ஒதுக்கீட்டையே மாற்றி, அடைக்கல மாநிலங்களின் பங்கிலிருந்து சுமார் 23.3 கோடி டாலரை வெட்டியது. நிதியாண்டு முடிய நான்கு நாள் கூட இல்லை. செப்டம்பர் 30 தாண்டினால் பணம் காலாவதியாகலாம், பிறகு வென்றும் பயனில்லை. அந்தக் கடைசி நாளிலேயே நீதிபதி மேரி மெக்எல்ராய் இடைக்காலத் தடை கொடுத்தார். டிசம்பரில் அந்தக் குறைப்பையே ரத்து செய்தார். நியூயார்க் சுரங்க ரயிலை நடத்தும் எம்டிஏவுக்கு மறுக்கப்பட்ட சுமார் 3.4 கோடி டாலரை நீதிபதி லூயிஸ் கேப்ளன் காப்பாற்றினார். அந்த மானியத்துக்குச் சட்டம் சொன்ன ஒரே அளவுகோல் பயங்கரவாத ஆபத்து. நியூயார்க்கை விட ஆபத்து கூடிய ரயிலை எங்கே தேடுவது?

வழக்கில் இல்லாத ஊர்கள் கவனிக்க வேண்டியது இது. 2025 ஜூனில் காசா (CASA) என்ற அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, தடை உத்தரவு பொதுவாக வழக்குப் போட்டவருக்கு மட்டும்தான். பக்கத்து ஊர் வென்றது என்று நிபந்தனைக் கடிதத்தில் சும்மா கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தமாக உங்களைக் கட்டலாம்; எந்தப் பிரிவை ஏற்கவில்லை என்பதை எழுத்தில் பதிந்து அனுப்புங்கள். ரத்தான மானியத்தின் பாக்கியைக் கொடு என்று மனுவை எழுதினால், இது ஒப்பந்தப் பணத் தகராறு, மத்திய அரசிடம் பணம் கோரும் வழக்குகளுக்கான கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்குப் போ என்று அரசு வாதாடும். 2025-ல் கல்வித் துறை வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்துக்குக் காது கொடுத்தது. அதனால் பணத்தைக் கேட்காமல், நிபந்தனையையும் ஒதுக்கீட்டு முடிவையும் சட்டவிரோதம் என்று கேளுங்கள். மாநில உள்நாட்டுப் பாதுகாப்பு மானியத்தில் 80 சதவீதத்தை மாநிலம் 45 நாளுக்குள் உள்ளூர் அமைப்புகளுக்குத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மாநிலத்தின் பங்கு வெட்டப்பட்டால் உங்கள் ஊரின் வெடிகுண்டுப் பிரிவுக்கு எவ்வளவு குறையும் என்று தொகையோடு பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். இடைக்காலத் தடை கேட்கும்போது நீதிபதி தேடுவது அந்தத் தொகையைத்தான்.