முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ரீசேர்ட்

எங்கள் முன்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ரீசேர்ட்டுகளை வீட்டிலேயே செய்கிறோம். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் தமிழில், கீழே ஒரு பாலைமரம். வன்னிப் பிள்ளைகளுக்கு வேறென்ன படம் போடுவது!

படத்தைப் பிரிண்ட் எடுத்து, துணியில் வைத்து அயன் பண்ணி ஒட்டும் தாளில் இரண்டு வகை: வெள்ளைத் துணிக்கு ஒன்று, கடும் நிறத்துக்கு வேறொன்று. வெள்ளைக்குரியதில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றிப் பிரிண்ட் எடுக்க வேண்டும். மற்றதற்கு அது தேவையில்லை.

துணி 100% கொட்டனாக இருந்தால் நல்லது. கழகக்காரர் போடும் பொலியெஸ்டர் ஜேர்சி அந்தச் சூட்டைத் தாங்காது. முதலில் கழுவிக் காயவையுங்கள், எங்கள் செம்புழுதி ஒட்டவே விடாது. அயன் பொக்ஸில் தண்ணீர் கூடாது. மெத்தென்ற அயன் மேசையில் அழுத்தம் போதாது. பலகை மேசையில் தலையணை உறையை விரித்து, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். ஓரங்கள்தான் முதலில் கழரும், அங்கே கூடுதல் நேரம் வையுங்கள். தாளைச் சூட்டோடு உரிப்பதா, ஆறவிட்டு உரிப்பதா என்பது பக்கற்றில் இருக்கும். அப்புறம் 24 மணித்தியாலம் கழித்து, உட்புறம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் கழுவலாம்.

சின்னதுகள் தங்கள் பெயரைத் தடவித் தடவி வாசிப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோசம். வெள்ளை ரீசேர்ட் வைத்திருக்கும் அம்மாமார் கொண்டு வாருங்கள், சேர்ந்து செய்வோம்.